கப்பலைத் தின்ற புழுவும் கரையோர மக்களும்

முன்னுரை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது விக்கிரவாண்டி. பேருந்தில் போகிறவர்களுக்கு அது சுங்கச்சாவடி ஊர். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை வயல்கள். கடலுக்கும் இந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் கிழக்கே நேராகக் கோடு போட்டால் சுமார் 35 கிலோமீட்டரில் வங்கக் கடல் வந்துவிடும். அந்தக் கரையில் வடக்கே மரக்காணம், தெற்கே புதுச்சேரி, அதற்கும் தெற்கே அரிக்கமேடு. இரண்டாயிரம் வருடங்களாகக் கலங்கள் வந்துபோன கரை இது. இந்த நிலப்பகுதியின் விளைச்சலும் வியாபாரமும் போர்களும் அந்தக் கலங்களை நம்பியே நடந்தன.

கலம் என்றால் மரம். மரம் தண்ணீரில் கிடந்தால் ஊறும், உளுக்கும், பாசி பிடிக்கும், புழு அரிக்கும். பாய் என்றால் துணி. துணி நனைந்தால் மக்கும், வெயிலில் நைந்து போகும். கடலோடிகளின் வீரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கலத்தின் அடிப்பாகத்தையும் பாயையும் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

மரத்துக்குக் கடலில் யார் எதிரி?

முதல் எதிரி கப்பல் புழு. பெயரில்தான் புழு. உண்மையில் அது சிப்பி, மட்டி வகையைச் சேர்ந்த உயிரி. மற்ற சிப்பிகளுக்கு ஓடு உடம்பை மூடும் கவசம். இதற்கோ ஓடு தலைப்பக்கத்தில் இரண்டு சிறு தகடுகளாகக் குறுகிவிட்டது. அந்தத் தகடுகளை அரம் போல உரசி மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. போகும் வழியெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டே போகும். அதன் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன.

இதில் பயங்கரமான விஷயம் ஒன்று உண்டு. குஞ்சுப் பருவத்தில், குண்டூசித் தலை அளவே உள்ள துளை வழியாக அது மரத்துக்குள் நுழைகிறது. பிறகு உள்ளேயே வளர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பலகை நன்றாகவே இருக்கும். உள்ளே தேன்கூடு போல ஆகியிருக்கும். ஒருநாள் அலையில் பலகை பொடியாகும்போதுதான் விஷயம் தெரியும். கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் கப்பல்களைப் புழுவுக்குப் பறிகொடுத்து, 1503-இல் ஜமைக்கா தீவில் ஒதுங்கிக் கிடக்க நேர்ந்தது. 1730-களில் நெதர்லாந்து நாட்டின் கடல் அணைகளைத் தாங்கிய மரங்களை இதே புழு அரித்து அந்த நாட்டையே கலங்கடித்தது.

இரண்டாவது எதிரி ஒட்டிக்கொள்ளும் உயிர்கள். பாசி, கொட்டலசு, சிப்பி ஆகியவை அடிப்பாகத்தில் ஒட்டி வளரும். கொட்டலசு என்பது சிறிய எரிமலை போன்ற வடிவில் பாறையிலும் படகிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை உயிரி. காலில் பட்டால் கிழித்துவிடும். இவை மரத்தைத் தின்பதில்லை. ஆனால் வழவழப்பாக இருக்க வேண்டிய அடிப்பாகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். கலத்தின் வேகம் குறையும், சொன்ன பக்கம் திரும்பாது. பாயில் ஓடிய காலத்தில் இதனால் நாட்கள் வீணாயின. எஞ்சின் காலத்தில் டீசல் வீணாகிறது.

மூன்றாவது எதிரி உப்பும் ஈரமும். இவை கயிற்றையும் பாயையும் தாக்குபவை.

வெப்பமான கடல்களில் கப்பல் புழுவும் கொட்டலசும் வருடம் முழுதும் வளரும். குளிர்ந்த கடல்களில் இருப்பது போல ஓய்வுக் காலம் கிடையாது. ஆகவே நம் கடற்கரையில் இந்தப் பிரச்சினை அதிகம். அதற்கான தீர்வுகளும் இங்கே பழமையானவை.

எயிற்பட்டினமும் சோபட்மாவும்

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் மீது நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாடு என்பது இன்றைய திண்டிவனம், விழுப்புரம் பகுதி. அந்நூலில் வரும் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்டது. அதில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்களை அந்த ஊர்ப் பரதவர் விறகாக எரித்ததாக நத்தத்தனார் பாடுகிறார். கரையில் கிடந்த அந்தக் கட்டைகளை, படுத்து உறங்கும் ஒட்டகங்களுக்கு அவர் ஒப்பிடுகிறார். ஒட்டகம் இந்த ஊர் விலங்கு அல்ல. அயல்நாட்டுத் தொடர்பு இருந்த கரை என்பதற்கு இந்த ஓர் உவமையே போதும்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க மொழிக் கடல்வழி நூல், கிழக்குக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகா, சோபட்மா ஆகிய மூன்றைச் சொல்கிறது. பொதுகா என்பது புதுச்சேரி - அரிக்கமேடு பகுதி. சோபட்மாவை மரக்காணம் என்று கொள்வோர் உண்டு. இந்தத் துறைமுகங்களில் கரையோரம் போகும் உள்ளூர்க் கலங்களும், மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெரிய கலங்களும், கங்கைக்கும் கீழ்த்திசைக்கும் போகும் மிகப் பெரிய கலங்களும் இருந்ததாக அந்நூல் கூறுகிறது.

அந்தக் கலங்கள் எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. நம் கடலின் வெப்பமும் புழுவும் மரத்தை மிச்சம் வைப்பதில்லை. ஆனால் எகிப்தின் செங்கடல் கரையில், பாலைவன வறட்சியால் சில தடயங்கள் தப்பின. பெரனிகே, மியோஸ் ஹோர்மோஸ் என்னும் பழைய துறைமுகங்களில் நடந்த அகழாய்வுகளில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் ஒரு பானையில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. கலங்களிலிருந்து கழற்றி மறுபடி பயன்படுத்திய தேக்கு மரங்கள் கிடைத்தன. முக்கியமாக, பருத்தித் துணியால் ஆன பாயின் துண்டுகளும் கிடைத்தன. எகிப்தில் அன்று பாய்க்கு வழக்கமான துணி ஆளி நாரில் நெய்த லினன். பருத்தி இந்தியச் சரக்கு. அந்தத் துணியின் நூல் முறுக்கும் இந்திய முறையைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, மிளகை ஏற்றிப் போன கப்பலின் பாயும் இந்தியத் தறியில் நெய்ததாக இருந்திருக்கிறது!

ஆணியா, கயிறா?

அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடல்காரர்கள் புழுவைத் தடுக்க ஈயத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே மூழ்கிக் கிடந்த, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக் கப்பலின் அடியில் ஈயத் தகடு போர்த்தியிருந்தது. ஈயம் கனமானது, விலையும் அதிகம்.

இந்தியப் பெருங்கடல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல், தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். சோழமண்டலக் கரையில் சலங்கு என்றும் மசூலா என்றும் அழைக்கப்பட்ட படகுகள் இந்த வகை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் வைக்கோல் போன்றதைத் திணித்து, அதன் மேல் கயிற்றை இறுக்கித் தைப்பார்கள். உள்ளே வங்கு எனப்படும் விலா மரங்கள் இருக்காது. 1670-களில் இந்தக் கரையில் சுற்றிய ஆங்கில மாலுமி தாமஸ் பௌரி இவற்றைப் பார்த்து விவரித்திருக்கிறார்.

ஏன் தைக்க வேண்டும்? சென்னை முதல் கடலூர் வரை இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஓயாத அலை. ஆணி அடித்த விறைப்பான படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு கூடை போல வளைந்து கொடுக்கும். தண்ணீர் கசியும்தான். ஓர் ஆள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பான்.

இதில் பராமரிப்புக்கும் ஒரு வசதி இருந்தது. கயிறு நைந்தால் தையலைப் பிரித்துப் பலகைகளைக் கழற்றலாம். கெட்ட பலகையை மாற்றி மறுபடி தைக்கலாம். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும் தொல்லை இல்லை.

மரத்துக்கும் கயிற்றுக்கும் பூசும் மருந்தாக இருந்தது மீன் எண்ணெய், குறிப்பாகச் சுறாவின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய். மணம் மூக்கைத் துளைக்கும். ஆனால் மரத்தின் துளைகளில் இறங்கித் தண்ணீரை உள்ளே விடாது. ஓர்முஸ் துறைமுகத்தின் தைத்த கப்பல்களுக்கும் மீன் எண்ணெயே பூசினார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கரைக்கும் வந்துபோன மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பெரிய கப்பல்களைப் பற்றியும் அவர் சொல்கிறார். அவற்றில் சுண்ணாம்பையும் நறுக்கிய சணல் நாரையும் மர எண்ணெயில் இடித்துக் குழைத்துப் பூசினார்களாம். பலகை பழுதானால் அதைக் கழற்றாமல் அதன் மேலேயே இன்னொரு பலகை அடிப்பார்களாம். இப்படி ஆறு அடுக்கு வரை போகுமாம்.

பெரிய தோணிகளைக் கட்டியவர்கள் ஓடாவிகள். அடியில் ஓடும் நடுமரம் ஏரா, முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. பலகை இடுக்குகளில் பஞ்சு அல்லது நாரை அடித்து இறுக்குவதைக் கலப்பற்று என்பார்கள். அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். ஐரோப்பியர் தாரும் கீலும் பூசிய இடத்தில் இங்கே குங்கிலியம். வீட்டில் சாம்பிராணியோடு புகை போடும் அதே பிசின்தான்! அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் கொழுப்பையும் குழைத்துப் பூசுவது அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் பரவலாக இருந்த வழக்கம். இந்தப் பூச்சு நிரந்தரம் அல்ல. புழுவும் கொட்டலசும் பூச்சில் ஒட்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பூச்சு போகும், மரம் நிற்கும்.

பிற்காலத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் படகுக்கும் வலைக்கும் மருந்தானது. முந்திரி 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். இன்று பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் பரந்து கிடக்கின்றன. கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் அந்த எண்ணெய், மரத்தை அரிக்கும் பூச்சிக்கும் ஆகாது.

வெயிலே மருந்து

இவை எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று இருந்தது. அதுதான் கட்டுமரம்.

சில மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் மிகப் பிரபலமானது இது. கடலிலிருந்து திரும்பியதும் மீனவர்கள் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் கரையேற்றி மணலில் காயப்போடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு இது அநாவசிய வேலை போலத் தெரியும். அப்படியே தண்ணீரில் கட்டிப்போட்டால் என்ன?

காரணம் இரண்டு. ஒன்று, கட்டுமரத்துக்கு உள்ளீடற்ற வயிறு கிடையாது. மரத்தின் லேசான தன்மைதான் அதை மிதக்க வைக்கிறது. ஊறினால் கனக்கும், அமிழும். ஆகவே தினமும் காய வேண்டும். இரண்டாவது, கப்பல் புழுவும் கொட்டலசும் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் வெயிலில் காய்ந்தால் பிழைப்பது கடினம். மரத்தில் ஒட்டிய குஞ்சு வேர் பிடிப்பதற்குள் மரம் வெயிலில் கிடந்தால் அதன் கதை முடிந்தது. சோழமண்டலக் கரையின் வெயிலும் சுடுமணலும் செலவில்லாத மருந்து.

இதை ஒரு விதியாகவே சொல்லலாம். தண்ணீரிலேயே கிடக்கும் கலத்துக்கு நஞ்சு வேண்டும். கரையேறும் கலத்துக்கு வெயில் போதும். இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் எல்லாம் இந்த விதியைச் சுற்றியே வருகின்றன.

பாயைக் காத்த பட்டை

பாய் என்ற சொல்லே ஒரு வரலாறு. நாம் படுக்கும் பாய்க்கும் கப்பலின் பாய்க்கும் ஒரே பெயர். ஒரு காலத்தில் பின்னிய பாய்களையே காற்றுக்கு விரித்தார்கள் என்பதை இந்தச் சொல் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பருத்தித் துணி வந்தது. ஐரோப்பாவில் கஞ்சா இனத்துச் சணல் நாரிலும் ஆளி நாரிலும் நெய்தார்கள். ‘கான்வாஸ்’ என்ற சொல்லே அந்தச் சணலின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான்.

பருத்திப் பாய்க்கு எதிரி பூஞ்சணம். நனைந்த பாயைச் சுருட்டி வைத்தால் சில நாட்களிலேயே கரும்புள்ளி விழும். பிறகு கையால் இழுத்தாலே கிழியும். நடுக்கடலில் பாய் கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குக் கண்ட வழி சாயம் ஏற்றுவது. கண்டல் மரப்பட்டை, கருவேலம்பட்டை போன்ற துவர்ப்புள்ள பட்டைகளைப் பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் பாயையும் வலையையும் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள். பனிச்சங்காயின் சாறும் வலைக்கும் படகுக்கும் பயன்பட்டது. பட்டையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து நாரில் ஒட்டிக்கொண்டு பூஞ்சணத்தையும் கிருமிகளையும் தடுக்கிறது. ஆட்டுத்தோலை அழுகாமல் பதப்படுத்த ஆவாரம்பட்டை போடுவதும் இதே காரணத்தால்தான். தோல் பதனிடுகிறவரும் வலை காயவைக்கிறவரும் ஒரே அறிவைப் பகிர்ந்துகொண்டார்கள் எனலாம்.

சாயம் சில வாரங்களில் வெளுத்துவிடும். மறுபடி முக்க வேண்டும். பழைய ஓவியங்களில் கட்டுமரப் பாய்கள் செம்மண் நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. அது பட்டையின் நிறம்.

1952-க்கு முன்பே சென்னை மாகாண மீன்துறை இதையெல்லாம் கவனித்தது. அதன் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். கட்டுமரம், சலங்கு, தோணி ஆகியவற்றைப் பற்றி இன்று எழுதுகிற எவரும் அவரைத் தொடாமல் போக முடியாது.

விக்கிரவாண்டியில் ஒரு சண்டை, கடலில் ஐந்து சண்டைகள்

18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர்க்களம் ஆனது. 1750-இல் மரக்காணத்துக்கு வடக்கே உள்ள ஆலம்பரைக் கோட்டை டூப்ளேயின் கைக்கு வந்தது. 1752-இல் செஞ்சியைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பிய மேஜர் கின்னீரின் ஆங்கிலப் படையை, டூப்ளேயின் உறவினர் கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படை விக்கிரவாண்டியில் தோற்கடித்தது. அடுத்த மாதமே பாகூரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். 1760-இல் ஆங்கிலேயர் ஆலம்பரைக் கோட்டையை இடித்தார்கள்.

தரையில் நடந்த இந்தச் சண்டைகளுக்கு ஆளும் குண்டும் பணமும் கப்பலில்தான் வந்தன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் படித்தால், கப்பல் வந்த செய்திக்கு ஊரே எப்படிக் காத்திருந்தது என்பது தெரியும். அவருக்கே ‘ஆனந்தப்புரவி’ என்ற பெயரில் சொந்தக் கப்பல் இருந்தது.

ஆனால் இந்தக் கரையில் பெரிய கப்பல்களுக்கு ஒரு பெரிய குறை. அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய இடம் இல்லை. ஐரோப்பியக் கப்பலை ஒதுக்கமான, அலையில்லாத நீரில் ஒருபக்கமாகச் சாய்ப்பார்கள். ஒட்டியிருக்கும் பாசியை நெருப்பால் பொசுக்கிச் சுரண்டுவார்கள். பிறகு கொழுப்பு, கந்தகம், பிசின் சேர்த்த பூச்சைப் பூசுவார்கள். திறந்த கடலில் இது நடக்காது. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் வேறு. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் கப்பல்களைப் புயல் நாசமாக்கியது. 1761 ஜனவரி 1-ஆம் தேதி புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களில் பல புயலில் அழிந்தன. ஆகவே மழைக்காலம் வந்தால் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போயாக வேண்டும். ஆங்கிலேயருக்குப் பம்பாயில் உலர்துறை இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மொரிஷியஸ்தான் கதி. பக்கத்தில் இருந்த ஒரே நல்ல இயற்கைத் துறைமுகம் திருகோணமலை.

1782-83-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் இந்தக் கடலில் ஐந்து முறை மோதினார்கள். முதல் மோதல் 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே. கடைசி மோதல் 1783 ஜூன் 20-இல் கடலூருக்கு அருகே. மரக்காணம் கரை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுஃப்ரேன் ஐதர் அலியோடு கைகோத்திருந்தார். அவருடைய கப்பல்களில் ஒரு பகுதிக்கு அடியில் செப்புத் தகடு கிடையாது. செப்பு போட்டவை வேகமாகவும், போடாதவை மெதுவாகவும் ஓடும்போது எல்லாக் கப்பல்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே பெரும்பாடு. 1782 ஆகஸ்டு கடைசியில் அவர் திருகோணமலையைப் பிடித்தார். சண்டைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் இடத்தைப் பிடிப்பது, ஒரு சண்டையில் ஜெயிப்பதற்குச் சமமாக இருந்தது. அதே செப்டம்பரில் அங்கே நடந்த போருக்குப் பிறகு ஹியூஸ் பழுதுபார்க்கப் பம்பாய் வரை போக வேண்டியதாயிற்று. அவர் இல்லாத மாதங்களில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குக் கடற்படைப் பாதுகாப்பு இல்லாமல் போனது. ஒரு கப்பலின் அடிப்பாகம் எவ்வளவு பெரிய அரசியலைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

செம்பு எப்படி வேலை செய்கிறது?

ஆங்கிலக் கடற்படை 1761-இல் ‘அலாரம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துச் சோதித்தது. புழு அண்டவில்லை, பாசியும் ஒட்டவில்லை. ஆனால் வேறு ஆபத்து வந்தது. செம்பு தொட்ட இடத்தில் இரும்பு ஆணிகள் கரைந்து போயின! இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதில் அழிவது இரும்பு. முதலில் இடையில் தாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, 1780-களில், இரும்பு ஆணிக்குப் பதிலாகச் செப்புக் கலவை ஆணிகளைப் போட்டுத்தான் பிரச்சினை தீர்ந்தது.

செம்பும் மெல்லக் கரைந்து தீர்ந்தது. அதைத் தடுக்க வழி கேட்டுக் கடற்படை ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியிடம் போனது. அவர் 1824-இல் செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைச் சேர்த்தார். அந்தத் துண்டுகள் கரைந்தன, செம்பு கரையவில்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் கப்பல் கடலுக்குப் போய்த் திரும்பியபோது அடியெல்லாம் கொட்டலசு! அப்போதுதான் உண்மை விளங்கியது. செம்பு கரைவதுதான் மருந்து. கரைந்து வரும் செம்பே உயிர்களை ஒட்டவிடாமல் விரட்டுகிறது. கரையாத செம்பு வெறும் தகடு. 1832-இல் ஜார்ஜ் மன்ட்ஸ் என்பவர் ஏறத்தாழ 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்த்த மலிவான உலோகத்தைக் கண்டுபிடித்தார். வணிகக் கப்பல்களில் அது பரவியது.

பம்பாயில் வாடியா குடும்பத்தார் 1817-இல் தேக்கில் கட்டிய ‘திருகோணமலை’ என்ற போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. 1782 போரின் நினைவாக வைத்த பெயர் அது.

புதுச்சேரியில் 1866-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. தென்னார்க்காட்டு மல்லாட்டை மூட்டை மூட்டையாக ரயிலேறிப் புதுச்சேரி போய், அங்கிருந்து பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. நீராவிக் கப்பல் வந்த பிறகும் பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு படகில்தான் போயிற்று. உள்நாட்டு உழவனின் விளைச்சலும் கரையோரப் படகுக்காரனின் உழைப்பும் இப்படி ஒன்றோடு ஒன்று பிணைந்திருந்தன. அந்தப் பாலம் 1952 புயலில் அழிந்தது.

தகர நஞ்சு

இருபதாம் நூற்றாண்டில் தகடு போய் வண்ணப்பூச்சு வந்தது. முதலில் செம்பு கலந்த வண்ணம். 1960-களிலிருந்து டிபிடி எனப்படும் தகரச் சேர்மம் கலந்த வண்ணம் பரவியது. இதைப் பூசினால் வருடக்கணக்கில் ஒன்றும் ஒட்டாது. கப்பல் முதலாளிகள் கொண்டாடினார்கள்.

ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாகத் தடித்தது. சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வேறு இடங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து அவை இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போயின. மிகச் சிறிய அளவு நஞ்சே இதற்குப் போதுமாக இருந்தது. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்கு இதைத் தடை செய்தது. 2001-இல் சர்வதேச கடல்சார் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது. 2008 செப்டம்பர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2023 ஜனவரி 1 முதல் சைபுட்ரின் என்னும் இன்னொரு நச்சுப் பொருளும் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

சிப்பியும் மட்டியும் மீனும்தான் கரையோர மக்களின் சோறு. படகைக் காக்கப் பூசும் மருந்து அந்தச் சோற்றிலேயே நஞ்சாக இறங்கினால் என்ன லாபம்?

கலங்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை எடுக்கிறது. அந்த நீர் வரும் சுரங்கத்திலும் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளர்கின்றன. அதைத் தடுக்கக் குளோரின் கலக்கிறார்கள். சலங்குக்காரனின் பிரச்சினையும் அணு விஞ்ஞானியின் பிரச்சினையும் ஒன்றுதான்!

இன்றைய நிலை

1950-களின் கடைசியிலிருந்து நைலான் வலைகள் வந்தன. நைலான் மக்காது. பட்டைச் சாயம் காய்ச்சிய அண்டாக்கள் மூலைக்குப் போயின. எஞ்சின் வந்ததும் பாயும் போயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்கள் ஏராளமாக அழிந்தன. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். ஃபைபர் படகு என்று மக்கள் சொல்வது இதைத்தான். மரக்காணம் சுற்றியுள்ள எக்கியார்குப்பம், அழகன்குப்பம் முதலிய குப்பங்களிலும் இன்று ஃபைபர் படகுகளே அதிகம்.

ஃபைபரைக் கப்பல் புழு தின்னாது. ஆனால் கொட்டலசுக்கு மரமும் ஒன்றுதான், ஃபைபரும் ஒன்றுதான். அப்படியிருந்தும் கரையேற்றும் சிறு படகுகளில் அது பெரிதாக ஒட்டுவதில்லை. காரணம் பழைய காரணம்தான். மணலில் ஏற்றி வைக்கிறார்கள், வெயில் பார்த்துக்கொள்கிறது. துறைமுகத்தில் தண்ணீரிலேயே கிடக்கும் விசைப்படகுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவற்றைக் கரையேற்றி, சுரண்டி, கலப்பற்றுப் பார்த்து, வண்ணம் பூசுகிறார்கள். தொழில் இல்லாத இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய பெரிய செலவு அது. தள்ளிப்போட்டால் வருடம் முழுதும் டீசலாகக் கரையும்.

முடிவுரை

ஈயம், மீன் எண்ணெய், சுண்ணாம்பு, குங்கிலியம், செம்பு, தகரம் என்று மனிதன் கடலுக்கு எதிராக ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்திருக்கிறான். பலமான மருந்துகள் எல்லாம் கடலையும் சேர்த்துக் கெடுத்தன. கெடுக்காத மருந்துகள் எல்லாம் அடிக்கடி பூச வேண்டியவையாக, உழைப்பைக் கேட்பவையாக இருந்தன. இது இன்றும் தீராத கணக்கு.

இந்தக் கணக்கில் கட்டுமரக்காரர்கள் தேர்ந்தெடுத்தது உழைப்பை. தினமும் அவிழ்த்து, சுமந்து, காயப்போட்டு, மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டினார்கள். அதற்குச் சம்பளம் இல்லை, பட்டயம் இல்லை. ஆனால் அத்தனை நூற்றாண்டுகள் அப்படிச் செய்தும், அவர்கள் மீன் பிடித்த கடலில் ஒரு சொட்டு நஞ்சும் சேரவில்லை.

புதிய துறைமுகங்களும் இறங்குதளங்களும் கட்டும்போது படகுகள் நிற்க இடம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். படகுகள் ஏறிக் காய மணல் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் அரிப்பால் மணற்பரப்பு குறைந்துவரும் கரைகளில் இது அவசரமான கேள்வி. மணல் போனால் வெயில் இருந்தும் பயனில்லை. அப்புறம் எல்லாப் படகும் தண்ணீரிலேயே கிடக்கும், எல்லாப் படகுக்கும் நஞ்சு வேண்டியிருக்கும்.